தன்னைத் தின்னாத வயிறு

புதிர்

ஆட்டுக்குடலை வெந்நீரில் அலசி, மேலே படிந்த கறுத்த தோலைச் சுரண்டி எடுத்து, மஞ்சளும் கல் உப்பும் போட்டுப் பலமுறை தேய்த்துக் கழுவி, மற்ற கறியைவிடக் கூடுதல் நேரம் வேகவைத்தால்தான் குழம்பு வைக்க முடியும் என்பது தமிழ்நாட்டுச் சமையலறைகளில் அனைவருக்கும் தெரிந்த செய்தி. அவ்வளவு வெந்த பிறகும் பல்லுக்குச் சற்று இழுவையாகவே இருக்கும் அந்தத் துண்டுகள், உண்டவரின் இரைப்பைக்குள் போன சில மணி நேரத்தில் கூழாகிவிடுகின்றன. அவற்றைக் கூழாக்கிய இரைப்பையோ ஏறக்குறைய அதே பொருளால் ஆனது: அதே வகைத் தசை, அதே வகை நார்ப்புரதம், அதே வகை உள்தோல். ஆட்டின் குடலைக் கரைக்கும் நீர், அந்த நீரைச் சுமந்து நிற்கும் மனித இரைப்பையைக் கரைக்காமல் விடுவது எப்படி என்ற கேள்வி, குடல்குழம்பு உண்ட எவருக்கும் ஒரு முறையாவது தோன்றியிருக்கும்.

வெந்தது கரைகிறது, வேகாதது கரைவதில்லை என்று ஒரு விடை உடனே மனத்தில் எழும். வேகவைப்பது புரதத்தின் மடிப்புகளைப் பிரித்துச் செரிமானத்தை எளிதாக்குகிறது என்பது உண்மையே. ஆயினும் இரைப்பைநீர் பச்சை இறைச்சியையும் கரைக்கும். நாயும் பூனையும் பருந்தும் அப்படித்தான் பிழைக்கின்றன. ஆகவே விடையை இரைப்பையின் உள்ளேயே தேட வேண்டியிருக்கிறது. அதைத் தேடிய வரலாறு, செரிமானம் எப்படி நடக்கிறது என்பதை மனிதர் கண்டுகொண்ட வரலாறாகவும் அமைந்தது.

இறந்த உடலும் தவளையின் காலும்

லண்டனில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் ஹன்டர், 1772-இல் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஒரு கட்டுரையில், பிணங்களை அறுத்துப் பார்க்கும்போது தாம் கண்ட ஒரு விந்தையை விவரித்தார். நல்ல உடல்நலத்தோடு இருந்து, உணவு உண்ட சற்று நேரத்தில் அடிபட்டுத் திடீரென இறந்துபோனவர்களின் இரைப்பையில், சுவர் ஒரு பக்கம் கரைந்து ஓட்டை விழுந்திருந்தது. உள்ளிருந்த உணவு வயிற்றறைக்குள் கசிந்திருந்தது. அங்கே நோயின் தடயம் எதுவும் காணப்படவில்லை. இறந்த பிறகு இரைப்பை தன்னைத் தானே செரித்துக்கொண்டது என்ற முடிவுக்கு ஹன்டர் வந்தார். உயிரோடு இருக்கும்வரை சுவர் கரையவில்லை, உயிர் போனதும் கரைந்தது. எனவே உயிர் என்ற ஆற்றல்தான் அதைக் காத்து நின்றது என்பது அவருடைய விளக்கம்.

அவர் கண்டது சரி. கொண்ட விளக்கம் முழுமையானதன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிரான்ஸின் கிளாட் பெர்னார், நாயின் வயிற்றில் அமைத்த துளை வழியாக உயிருள்ள தவளையின் பின்னங்கால்களை இரைப்பைக்குள் விட்டுப் பார்த்தார். தவளை உயிரோடு இருக்கும்போதே கால்கள் கரையத் தொடங்கின. இன்று எந்த ஆய்வுக்கூடமும் அனுமதிக்காத கொடிய சோதனை இது. படிக்கும்போதே மனம் கூசுகிறது. ஆனால் அதன் முடிவை மறுக்க இயலவில்லை. உயிருள்ள திசு என்பதற்காக மட்டும் இரைப்பைநீர் எதையும் விட்டுவைப்பதில்லை. நாயின் இரைப்பைச் சுவரிடம் தவளையின் காலில் இல்லாத ஏதோ ஒன்று இருக்கிறது. அதுவும் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே இருக்கிறது.

துளை வழியே தெரிந்தது

மனித இரைப்பையை உயிரோடு நேரில் பார்க்கும் வாய்ப்பு ஒரு விபத்தால் கிடைத்தது. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மக்கினாக் தீவில், மென்மயிர் வணிக நிறுவனம் ஒன்றின் கடையில் தவறுதலாக வெடித்த துப்பாக்கி, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடியத் தொழிலாளியின் இடப்பக்க விலாவைக் கிழித்தது. படை மருத்துவர் வில்லியம் போமான்ட் அளித்த சிகிச்சையால் அவர் பிழைத்தார். ஆனால் இரைப்பையில் விழுந்த ஓட்டையின் விளிம்பு தோலோடு ஒட்டி ஆறிவிட்டதால், ஒரு துளை வாழ்நாள் முழுவதும் திறந்தே இருந்தது. அத்துளை வழியே போமான்ட் பட்டு நூலில் கட்டிய உணவுத் துண்டுகளை இறக்கியும், இரைப்பைநீரைக் குழாயால் எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் சோதித்தும், 1833-இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். ஏழ்மையால் ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டு, விருப்பமில்லாமலே பல ஆண்டுகள் தம் வயிற்றைத் திறந்து காட்டிய அந்தத் தொழிலாளியின் பெயர், மருத்துவரின் பெயருக்குச் சற்றும் குறையாமல் நினைக்கப்பட வேண்டியது.

போமான்ட் காட்டியவற்றுள் இரண்டு இந்த அத்தியாயத்துக்கு முக்கியமானவை. முதலாவது, உடலுக்கு வெளியே, உடல் வெப்பத்தில் வைத்த குப்பியிலும் இரைப்பைநீர் மாட்டிறைச்சித் துண்டைக் கரைத்தது. இரைப்பைக்குள் நடப்பதைவிட மெதுவாக, பல மணி நேரம் எடுத்துக்கொண்டாலும், கரைத்தது. ஆக, செரிப்பது இரைப்பையின் அரைப்பு மட்டுமன்று, அந்த நீரின் வேதிச் செயல். இரண்டாவது, நலமாக இருந்த நாள்களில் இரைப்பையின் உட்சுவர் வெளிர் இளஞ்சிவப்பு நிறத்தில், வெல்வெட் துணி போல மென்மையாக, எப்போதும் மெல்லிய வழவழப்பான ஒரு பூச்சால் மூடப்பட்டிருந்தது. அந்தப் பூச்சின் பெருமையை அறிவியல் உணர்ந்துகொள்ள நூறாண்டுக்கும் மேலாயிற்று.

இதற்கிடையே நீரின் கூறுகள் ஒவ்வொன்றாகப் பிடிபட்டன. அதிலிருந்த அமிலம் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று ஆங்கிலேயரான வில்லியம் பிரவுட் 1824-இல் நிறுவினார். அமிலம் மட்டும் இறைச்சியை அவ்வளவு விரைவாகக் கரைக்காது என்பதைக் கண்ட ஜெர்மானியரான தியோடர் ஷ்வான், அதனோடு சேர்ந்து வேலை செய்யும் இன்னொரு பொருளை 1836-இல் இனங்கண்டு பெப்சின் என்று பெயரிட்டார். உயிரினங்களுக்குள் வேதிமாற்றங்களை விரைவுபடுத்தும் இத்தகைய புரதங்களைத் தமிழில் நொதி என்கிறோம். பெப்சின் புரதத்தை வெட்டும் நொதி.

ஒரு துண்டுக் குடலும் அதைச் சூழ்ந்த சுவரும்

மதியம் ஒரு மணிக்குச் சோற்றோடு பிசைந்து உண்ட ஒரு துண்டு ஆட்டுக்குடலை எடுத்துக்கொண்டு, அதற்கு நேர்வதையும், அதே நேரத்தில் ஒரு மயிரிழை தள்ளி இருக்கும் இரைப்பைச் சுவருக்கு நேர்வதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புதிர் அவிழத் தொடங்கும்.

வாயில் உமிழ்நீர் சோற்றின் மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கினாலும் குடல் துண்டை ஒன்றும் செய்வதில்லை. அதற்குப் பல்லின் உதவி மட்டுமே கிடைக்கிறது. உணவுக்குழாயின் தசைகள் பாம்பு ஊர்வது போல் அலையலையாகச் சுருங்கி, பத்து நொடிக்குள் அதை இரைப்பைக்கு இறக்கிவிடுகின்றன. குழம்பின் மணம் மூக்கை எட்டியபோதே மூளை இரைப்பைக்குச் சேதி அனுப்பியிருப்பதால், துண்டு வந்து சேரும்போது சுரப்பு ஏற்கெனவே தொடங்கியிருக்கும்.

இரைப்பையின் உட்சுவரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் எண்ணற்ற சிறு குழிகள் தெரியும். ஒவ்வொரு குழியின் அடியிலும் சுரப்பிகள் இருக்கின்றன. அங்கேதான் அமிலத்தைச் சுரக்கும் செல்களும் நொதியைச் சுரக்கும் செல்களும் குடியிருக்கின்றன. இவற்றை அமிலச் செல், நொதிச் செல் என்று அழைக்கலாம். அமிலச் செல்லின் சவ்வில் உள்ள புரதப் பம்புகள், ஹைட்ரஜன் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற ஹைட்ரஜன் துகள்களை, ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகின்றன. குளோரைடு அயனிகள் தனி வழியில் வந்து அவற்றோடு சேர, ஹைட்ரோகுளோரிக் அமிலம் உருவாகிறது. அமிலத்தின் வீரியத்தை அளக்கும் பி.எச் என்ற அளவுகோலில் 7 என்பது நடுநிலை. ஓர் எண் கீழிறங்கும்போது வீரியம் பத்து மடங்காகும். இரத்தத்தின் அளவு 7.4. அமிலச் செல்லிலிருந்து புறப்படும் நீரோ 1-ஐ ஒட்டி இருக்கிறது. பத்து லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு இது. ஒரு செல்லின் மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் இவ்வளவு பெரிய வேறுபாட்டை நிறுத்திவைப்பது மனித உடலில் வேறெங்கும் இல்லாத சாதனை. ஒமிப்ரசோல், பான்டோபிரசோல் என்று காலையில் வெறும் வயிற்றில் விழுங்கும் மாத்திரைகள் பூட்டிவிடுவது இந்தப் பம்புகளைத்தான்.

நொதிச் செல் கடைப்பிடிக்கும் எச்சரிக்கை இன்னொரு விதமானது. பெப்சினைத் தயாராகச் செய்து வைத்திருந்தால் அது முதலில் தின்பது தன்னைச் செய்த செல்லையே. ஆகவே அந்தச் செல் பெப்சினைச் செய்வதே இல்லை; பெப்சினோஜன் என்ற முன்நொதியைச் செய்கிறது. கத்தியின் வாயை உறை மூடியிருப்பது போல, நாற்பதுக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு வால் அதன் வெட்டும் பகுதியை மூடிக்கொண்டிருக்கிறது. செல்லுக்குள் அமிலம் இல்லாததால் உறை கழலுவதில்லை. குழியிலிருந்து வெளியேறி அமிலத்தைச் சந்திக்கும்போதுதான் வால் விலகி அறுபட்டு, பெப்சின் பிறக்கிறது. பிறந்த பெப்சின் மற்ற முன்நொதிகளின் வாலையும் அறுத்துவிடுகிறது.

முதல் அரை மணி நேரத்தில் குடல் துண்டுக்குப் பெரிதாக ஒன்றும் நேராது. சோறும் குழம்பும் அமிலத்தின் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்வதால் இரைப்பைக்குள் பி.எச் 4 அல்லது 5 வரை ஏறிவிடும். பெப்சினுக்கு அது சாதகமான சூழல் அன்று. சுரப்பு தொடரத் தொடர, ஒன்றிரண்டு மணி நேரத்தில் அளவு 2-ஐ நோக்கி இறங்குகிறது. இப்போது துண்டின் புரதங்கள் மடிப்புக் குலைந்து உப்பிப் போகின்றன. வேகவைத்தபோதே இளகிய நார்ப்புரதத்தில் பெப்சின் இடம்பிடித்து வெட்டுகிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கி அதை அரைக்கிறது. ஓரங்கள் வழுக்கி, மேற்பரப்பு சவ்வரிசிக் கஞ்சி போல் குழைந்து, ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடிந்த பிறகுதான் கீழ்முனையில் உள்ள வாயில்தசை அதைச் சிறிது சிறிதாகச் சிறுகுடலுக்கு விடும்.

அதே இரண்டு மணி நேரத்தில் பக்கத்துச் சுவரில் நடப்பது என்ன? சுவரின் மேற்பரப்புச் செல்கள் சளிப்படலம் ஒன்றைச் சுரந்து தம்மேல் போர்த்திக்கொண்டிருக்கின்றன. போமான்ட் கண்ட வழவழப்பு இதுதான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். எஞ்சியது மியூசின் என்ற, சர்க்கரை இழைகள் அடர்ந்த புரதம். தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தண்ணீரே பெரும்பங்கான ஒரு பசை, பத்து லட்சம் மடங்கு வீரியமுள்ள அமிலத்தைத் தடுப்பதாகச் சொன்னால் நம்பக் கடினம். அது தனியாகத் தடுப்பதுமில்லை. அதே செல்கள் பைகார்பனேட் என்ற காரப்பொருளையும் படலத்துக்குள் சுரக்கின்றன. சமையல் சோடாவில் இருக்கும் அதே பொருள். பசையின் வலைக்குள் அலையாமல் தேங்கி நிற்கும் அந்தக் காரம், கீழே இறங்கிவரும் ஒவ்வோர் அமிலத் துகளையும் வழியிலேயே தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடுகிறது. படலத்தின் மேல் பக்கத்தில் 2 என்று இருக்கும் பி.எச், செல்லைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய 7 ஆகிவிடுகிறது. பெப்சினோ பெரிய மூலக்கூறு. வலையின் கண்ணிகளில் சிக்கித் தாமதப்படுகிறது. தப்பித்தவறி அடிவரை வந்தாலும், அமிலமில்லாத அந்த இடத்தில் அதனால் வெட்ட முடிவதில்லை.

அந்தப் பைகார்பனேட் எங்கிருந்து வருகிறது என்பதில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. அமிலச் செல் ஹைட்ரஜன் அயனியைக் குழிப்பக்கம் தள்ளும் ஒவ்வொரு முறையும், அதற்கு ஈடாக ஒரு பைகார்பனேட் அயனியை மறுபக்கம் இரத்தத்தில் விடுகிறது. உணவுக்குப் பின் இரத்தத்தில் காரம் சற்றே கூடும் இந்த நிலையைக் காரப் பெருக்கு எனலாம். சுரப்பியைத் தொட்டு வரும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் நேராக மேலேறி மேற்பரப்புச் செல்களின் அடியில் போய்ச் சேர்கின்றன. அமிலம் எவ்வளவு கூடுதலாகச் சுரக்கிறதோ அவ்வளவு கூடுதலான மாற்று, கேட்காமலே காவல் செல்களின் வாசலுக்கு வந்துவிடுகிறது.

காவலும் கரைகிறது

இவ்வளவையும் அறிந்தவர், இரைப்பைக்குள் கரையாத பூச்சு ஒன்று இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பெப்சின் சளிப்படலத்தையும் வெட்டுகிறது. மேல் அடுக்கு ஓயாமல் கரைந்து உணவோடு போகிறது. அடியிலிருந்து புதிய அடுக்கு ஓயாமல் ஊறி வருகிறது. மேற்பரப்புச் செல்களுக்கும் நீண்ட ஆயுள் இல்லை. மூன்று முதல் ஐந்து நாளுக்குள் உதிர்ந்து, குழியின் கழுத்தில் பிறந்த புதிய செல்கள் அவற்றின் இடத்துக்கு ஏறி வருகின்றன. முள்ளோ எலும்போ கீறிச் சில செல்கள் போய்விட்டால், புதியவை பிறக்கும்வரைகூடக் காத்திராமல், அக்கம்பக்கத்துச் செல்கள் தட்டையாகி நகர்ந்து வந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் இடைவெளியை மூடுகின்றன.

ஹன்டர் கண்ட பிணங்களின் விந்தை இங்கே விளங்குகிறது. இரத்த ஓட்டம் நின்றதும் பைகார்பனேட் வருவது நிற்கிறது, பசை ஊறுவது நிற்கிறது. ஆனால் ஏற்கெனவே சுரந்த அமிலமும் பெப்சினும் தங்கள் வேலையை நிறுத்துவதில்லை. தவளையின் காலுக்கு இந்த ஏற்பாடு எதுவும் இல்லாததால் அது உயிரோடு இருந்தும் கரைந்தது. மனிதரின் உணவுக்குழாயும் ஓரளவுக்குத் தவளையின் கால் போன்றதே: அதற்கு இப்படிப்பட்ட தொடர்ந்த படலம் இல்லை, ஆகவே இரைப்பையின் மேல்முனையில் உள்ள வாயில்தசை தளர்ந்து அமிலம் மேலேறும்போது நெஞ்செரிச்சல் வருகிறது.

காவல் குலையும்போது

பசியோடு இருந்தால் அமிலம் குடலைத் தின்றுவிடும், மிளகாய்க் காரம் தின்றால் அல்சர் வரும் என்பன தமிழ்நாட்டில் வீடுதோறும் சொல்லப்படுபவை. ஆனால் உணவில்லாத நேரத்தில் அமிலச் சுரப்பு அடங்கியே இருக்கும். அப்போது கேட்கும் இரைச்சல், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையும் குடலும் மிச்சமீதியைக் கூட்டித் தள்ளும் அலையின் ஒலி. மிளகாய், இருக்கும் புண்ணை எரியச் செய்யுமே தவிரப் புண்ணை உண்டாக்குவதில்லை. வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை வேறு இரண்டு.

ஒன்று, சுருள் வடிவ பாக்டீரியா. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982-இல் அதை வளர்த்தெடுத்தனர். இவ்வளவு அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் நம்ப மறுத்ததால், மார்ஷல் 1984-இல் அதைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியாவை உண்டாக்கி, தன்னைச் சுற்றிலும் அமிலத்தை முறித்துக்கொள்கிறது. சுவர் செய்வதையே அதுவும் செய்து, படலத்துக்குள் புகுந்து கீழுள்ள செல்களைப் புண்ணாக்குகிறது.

மற்றொன்று, மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கேட்டு வாங்கி விழுங்கும் வலிமாத்திரைகள். படலத்தையும் பைகார்பனேட்டையும் சுரக்கச் சொல்லியும், சுவருக்கு இரத்த ஓட்டத்தைக் கூட்டியும் காவலை நடத்துபவை புரோஸ்டாகிளான்டின் என்ற சேதிப்பொருள்கள். ஆஸ்பிரின் இவை உருவாவதையே தடுக்கிறது என்று ஜான் வேன் 1971-இல் காட்டினார். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் அப்படியே. வலியைப் பெருக்குவதும் இரைப்பையைக் காப்பதும் ஒரே குடும்பத்துப் பொருள்கள் என்பதால், வலியை அடக்கும் மாத்திரை காவலையும் தளர்த்திவிடுகிறது. மருந்து வாய்வழி போனாலும் ஊசியாகப் போனாலும் இந்த ஆபத்து நீங்காது, ஏனெனில் அது இரத்தத்தின் வழியே வருகிறது. மாதக்கணக்கில் இவற்றை மருத்துவரைக் கேளாமல் விழுங்கிவருவோர் கறுப்பாக, தார் போல மலம் போவதைக் கண்டால், அது இரைப்பையில் கசிந்து செரித்த இரத்தமாக இருக்கலாம் என்பதை அறிந்து, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கணையத்தின் முன்நொதிகள்

கூழான குடல் துண்டு சிறுகுடலின் தொடக்கத்தை எட்டியதும், அங்கே கணையத்திலிருந்து வரும் பைகார்பனேட் அமிலத்தை முறித்துவிட, பெப்சினின் வேலை முடிகிறது. எஞ்சிய வெட்டு வேலையைச் செய்வது கணையத்தின் டிரிப்சின் முதலான நொதிகள். பெப்சினைக் காட்டிலும் இவற்றால் ஆபத்து மிகுதி, ஏனெனில் இவை உடலின் இயல்பான நடுநிலையிலேயே வேலை செய்யக்கூடியவை. அமிலமில்லாத இடம் என்ற பாதுகாப்பு இவற்றுக்கு எதிராகச் செல்லாது. எனவே கணையம் இவை அனைத்தையும் முன்நொதிகளாகவே செய்து, தனித்தனிப் பொதிகளில் கட்டி, தப்பித்தவறி ஒன்றிரண்டு விழித்துக்கொண்டால் அடக்குவதற்கு ஒரு தடைப்பொருளையும் உடன் வைத்து அனுப்புகிறது. அவற்றை எழுப்பும் சாவி கணையத்தில் இல்லை. சிறுகுடலின் சுவரில் பொருத்தப்பட்டிருக்கும் ஒரு நொதியிடம் இருக்கிறது. பித்தக்கல் குழாயை அடைத்தாலோ, மது செல்களைச் சிதைத்தாலோ இந்த ஒழுங்கு குலைந்து, முன்நொதிகள் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொள்கின்றன. கணையம் தன்னைத் தானே செரிக்கிறது என்று ஹான்ஸ் கியாரி 1896-இல் சொன்ன நிலை இதுதான். கடுமையான கணைய அழற்சி இன்றும் உயிரைப் பறிக்கும் நோயாக இருக்கிறது.

டிரிப்சினும் அதன் கூட்டாளிகளும் வெட்டி முடிக்கும்போது ஆட்டுக்குடல் என்று அடையாளம் சொல்ல எதுவும் மிஞ்சுவதில்லை. அமினோ அமிலங்களும் அவற்றின் ஈரிணை, மூவிணைத் துணுக்குகளும் சிறுகுடலின் விரல் போன்ற நீட்சிகளால் உறிஞ்சப்படுகின்றன. அந்தக் கூட்டத்தில் ஆட்டுக்குச் சொந்தமானவை மட்டும் இல்லை. அன்று உதிர்ந்த இரைப்பைச் செல்களும், கரைந்த சளிப்படலமும், வேலை முடிந்த பெப்சினும்கூட அங்கே வெட்டப்பட்டு உறிஞ்சப்படுகின்றன. இப்படி உடல் தன் புரதத்திலேயே நாளொன்றுக்குச் சில பத்து கிராம் செரித்து மீட்டுக்கொள்கிறது. இரைப்பை தன்னைத் தின்பதில்லை என்று சொல்வதைவிட, தின்னும் வேகத்தைவிடக் கட்டும் வேகம் சற்றும் குறையாமல் பார்த்துக்கொள்கிறது என்று சொல்வதே சரி. ஆட்டிலிருந்து வந்ததும் தன்னிலிருந்து வந்ததுமான அமினோ அமிலங்கள் ஒரே இரத்தத்தில் கலந்து கல்லீரல் வழியாகச் சுற்றி வருகின்றன. மதியம் உண்ட குடல் துண்டின் ஒரு பகுதி, அடுத்த சில நாள்களில், உண்டவரின் இரைப்பைச் சுவரில் புதிதாக ஊறும் மியூசினாக இருக்கும்.